கூப்பிடு தூரம்

ஜூன் 1, ஞாயிறு

இந்த டைரி சேகர் சார் கொடுத்தது. வருடா வருடம் கடைக்கு நாலைந்து டைரிகள் வரும். பாதி வருடம் போன பிறகு, மிச்சம் இருப்பதை எங்களுக்குத் தருவார். நீதிமன்றத்துக்கு எதிரில் இருக்கும் அவருடைய ஜெராக்ஸ் கடையில் ஒன்பது வருடமாகத் தமிழ் டைப்பிங் செய்கிறேன். அடுத்தவர்கள் சொல்வதையே அடித்து அடித்து, என் வாக்கியம் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. எழுதிப் பார்க்கலாம்.

இங்கே வந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். ஆற்றங்கரையில் எங்கள் ஏழாவது சந்து வீடுகளை இடித்த அன்றே எங்களை லாரியில் சாமானோடு ஏற்றி, இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இங்கே இறக்கினார்கள். ஐந்தாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடவில்லை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது. தனிச் சமையலறை, உள்ளேயே கக்கூஸ். மோனிஷா முதல் நாள் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. அறைக்கு அறை கதவுள்ள வீட்டை இப்போதுதான் பார்க்கிறாள். ஒதுக்கீட்டுக் கடிதம் என் பெயரில் வந்திருக்கிறது. "வூட்டுக்காரம்மா, உள்ள வரலாமா?" என்று என் கணவர் தயாளன் வாசலில் நின்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தார்.

பர்வீனுக்குக் குலுக்கலில் வேறு குடியிருப்பு விழுந்தது. ஊரின் மறுகோடி. மூன்று பஸ் மாற வேண்டும். பதினொரு வருடம் எதிர்வீடு. நான் கையை நீட்டினால் அவள் வீட்டுக் கதவில் படும்.

ஜூன் 9, திங்கள்

தயாளன் டைல்ஸ் ஒட்டுகிறவர். மேஸ்திரி ஏழு மணிக்கு ஆள் எடுப்பார். இங்கிருந்து முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அது நிரம்பி வந்தால் நிற்காமல் போய்விடும். இன்றும் நிற்கவில்லை. எட்டரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். "நீ வரமாட்டனு நெனச்சு வேற ஆள வெச்சிட்டேம்பா" என்றாராம் மேஸ்திரி. மூன்று வாரத்தில் ஆறு நாள்தான் வேலை.

நான் திரும்பும்போது மணி ஏழரை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை, அடுத்த பிளாக்கின் சுவர்.

ஜூன் 14, சனி

படியில் விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எந்த மாடியிலும் லைட் எரிவதில்லை.

ஜூன் 16, திங்கள்

ஒரு கையால் டைப் அடித்தேன். சேகர் சார் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றார். சொன்னேன். "டார்ச்சு வெச்சுக்கோம்மா" என்று கடையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

பர்வீன் போன் செய்தாள். அவள் புது வீட்டில் சுவர் ஒழுகுகிறதாம், பெரியவனுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையாம். கடைசியில் கேட்டாள்:

"அண்ணன் எப்டிக்கிறாரு? சத்தம் கித்தம் ஒண்ணும் இல்லயே?"

"இல்லடி. நல்லா இருக்காரு."

"நெசமா?"

"நெசமா."

போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சந்தில் இருந்தபோது தயாளன் குரல் உயர்ந்தால் போதும், பர்வீன் தன் வாசலில் நின்றபடியே கேட்பாள்: "அண்ணா, இன்னா சத்தம் அங்க? புள்ள தூங்குது." அவ்வளவுதான். அவருக்கு வெட்கம் வந்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். அங்கே பர்வீன் வீட்டுக்காரர் இருப்பார், தெரு ஆட்கள் நாலு பேர் இருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சிரித்த முகத்தோடு திரும்புவார். ஒரே ஒரு முறை கை ஓங்கி அடித்தார், மோனிஷா பிறந்த வருடம். அன்று சந்தே வந்து எங்கள் வாசலில் நின்றது. ஒரு வாரம் தலை நிமிராமல் நடந்தார்.

என் கணவர் நல்லவர் என்றுதான் பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்லதாக இருந்தது அவரா, சந்தா?

ஜூலை 2, புதன்

காலை ஐந்தரைக்குத் தண்ணீர் லாரி. ஒவ்வொரு ஏரியாவிலிருந்தும் வந்தவர்கள் தனித்தனி வரிசையாக நிற்கிறார்கள். பாலத்தடிக்காரர்கள், ரயில்வே லைன்காரர்கள், நாங்கள். ஒருவர் குடத்தை ஒருவர் தொடுவதில்லை. "அந்த ஏரியாக்காரி" என்றுதான் பேச்சு, பெயர் கிடையாது.

எங்கள் எதிர்வீட்டில் விக்டோரியா அக்கா. வயது ஐம்பது இருக்கும், ஒரு கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் வேலை. கணவர் ஏதோ கம்பெனியில் காவலாளி, மாலை ஐந்துக்குப் போனால் மறுநாள் காலைதான் வருவார். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே டிவி ஓடும்.

ஜூலை 11, வெள்ளி

இன்று வக்கீல் கலைவாணி மேடம் ஒரு மனு சொல்லச் சொல்ல அடித்தேன். பக்கத்தில் ஒரு பெண், என் வயதுதான். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேடம் சொன்னார்: "மனுதாரர், எதிர்மனுதாரர் மீதிருந்த பயத்தின் காரணமாக, தான் படியில் வழுக்கி விழுந்ததாக மருத்துவமனையில் கூறினார்."

அடித்துக்கொண்டே வந்தவள் "படியில்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"என்ன தமயந்தி, வேகமா போறேனா?"

"இல்ல மேடம். சொல்லுங்க."

"வழுக்கி" என்பதில் ஒரு க் விட்டுப்போயிருந்தது. இரண்டு முறை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை. அந்தப் பெண்தான் விரலை வைத்துக் காட்டினாள்.

ஜூலை 20, ஞாயிறு

நல்ல நாள். தயாளனுக்கு நான்கு நாள் தொடர்ந்து வேலை கிடைத்தது. வேலை நடந்த வீட்டில் மிச்சமான துண்டு டைல்ஸைக் கோணிப்பையில் போட்டு, ஐந்து மாடி தூக்கி வந்தார். அடுப்பு மேடைக்குப் பின்னால், சுவரில் ஒட்டினார். நீலம், பழுப்பு, பூப்போட்டது என்று ஒன்றுக்கொன்று சேராத துண்டுகள். அவர் கை பட்டதும் சேர்ந்துவிட்டன. மோனிஷா சிமென்ட் குழைத்துக் கொடுத்தாள். மூக்கில் எல்லாம் சிமென்ட்.

"எப்டிக்குது தமா?" என்றார். ரொம்ப நாள் கழித்து "தமா" என்றார்.

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்த ஆள் போதும் எனக்கு. இவர் மட்டும் இருந்துவிட்டால் போதும்.

ஜூலை 29, செவ்வாய்

மேஸ்திரி வேறு ஊரில் வேலை எடுத்துவிட்டாராம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இரண்டு நாளாகக் கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சேகர் சாரிடம் சொன்னேன்.

இந்த டைரியிலும் பொய் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை, ஆனாலும் எழுதியிருக்கிறேன். ஜூன் 14 அன்று நான் படியில் விழவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று ஆரம்பித்தது. தயாளன் கையை முறுக்கினார். அதற்குப் பிறகு மூன்று முறை. அதையெல்லாம் எழுதவே இல்லை.

திங்களன்று பஸ் தாமதம், எட்டு மணிக்கு வந்தேன். "எவன் கூட ஊர் சுத்திட்டு வர?" என்று கேட்டார். அந்த பஸ் எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். அவரையே தினமும் அழவைக்கிற பஸ்தானே அது. சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்தது. கதவில் மோதினேன். காதில் ரத்தம்.

மோனிஷா வெளியே ஓடினாள். எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "ஆன்ட்டி, ஆன்ட்டி!" உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது: டிவி சத்தம் கூடியது.

அடியை விட அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

அவர் நேற்று அழுதார். என் காலருகில் உட்கார்ந்து, "இந்த எடம்தான் தமா என்ன இப்டி ஆக்குது. அங்க நான் இப்டியா இருந்தேன்?" என்றார். இல்லை, அங்கே இப்படி இல்லை. அதனால்தான் அவர் சொன்னதை நான் நம்பினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தண்ணீர் லாரிக்குப் போனேன். முக்காடு போட்டிருந்தேன். விக்டோரியா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். என் குடத்தைத் தானே வாங்கி நிரப்பினார். நான் பார்க்கவில்லை.

"புள்ள கதவத் தட்னது எனக்குக் கேட்டுச்சுமா" என்றார்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"மூணாவது மாடில ஒருத்தி இருந்தா. போன வருசம் அவ வூட்டுச் சண்டைல போய்க் கேட்டேன். மறுநாளு அவ புருசன் ரெண்டாவது மாடி படில இருட்டுல நின்னுகினு இருந்தான். 'உனக்கு இன்னா வேல'னு கழுத்தப் புடிச்சான். யாருன்னு மூஞ்சி கூட தெர்ல, குரல வெச்சுதான் தெரிஞ்சிச்சு. எம் புருசன் ராத்திரில வூட்ல இருக்கறதில்ல. அதுலருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் டிவிய ஏத்தி வெப்பேன்." என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தார். "அன்னிக்கும் புள்ள கொரல்னு தெரிஞ்சேதான் ஏத்தினேன்."

"அவ இப்ப எங்க?"

"தெர்ல. வூட்ட காலி பண்ணிட்டாங்க."

இரண்டு பேரும் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். காலை ஆறு மணிக்கும் அந்தப் படி இருட்டாகத்தான் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா ஒரு நொடி நின்று, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் காலை வைத்தார்.

ஆகஸ்ட் 13, புதன்

கடையில் மதிய இடைவேளையில் ஒரு மனு அடித்தேன். பெறுநர், பொருள், வணக்கம் எல்லாம் போட்டு முறையாக. எங்கள் பிளாக்கில் படிக்கட்டு விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. பெண்களும் பிள்ளைகளும் ஏறி இறங்க அஞ்சுகிறார்கள். கலைவாணி மேடம் ஒரு தடவை படித்துப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்க. கையெழுத்து வாங்கு. நெறைய வாங்கு" என்றார். என் காதைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விக்டோரியா அக்காவும் நானும் தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்தோம். நாற்பது வீடு. முதலில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். "எந்த ஏரியா நீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. லைட் என்றதும் முழுசாகத் திறந்தது. எல்லோரிடமும் அந்தப் படியைப் பற்றி ஒரு கதை இருந்தது. இரண்டாவது மாடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாளாம், வலி வந்த பிறகும், துணைக்கு யாராவது வரட்டும் என்று. நான்காவது மாடி ராஜகுமாரி காலேஜ் படிக்கிற மகளை ஆறு மணிக்கு மேல் கீழே அனுப்புவதில்லை.

முப்பத்தொரு கையெழுத்து. நான்கு பேர் கைநாட்டு. நாலு மாதத்தில் இவ்வளவு பேரோடு நான் பேசியதில்லை. முதல் மாடியில் ஒருத்தி மட்டும், வெளியே வராமல் கதவிடுக்கில் கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். கன்றிப்போயிருந்த அந்தக் கையைப் பார்த்தேன். அவள் என் காதைப் பார்த்தாள். "லைட்டு வந்தா கொஞ்சம் நல்லாருக்கும்க்கா" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

"வூடு வூடா போயி எம் மானத்த வாங்கறியா?" என்றார் தயாளன்.

"லைட்டுக்குத்தாங்க போனேன்."

"லைட்டுக்கா போன?"

அடிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

செப்டம்பர் 5, வெள்ளி

குடியிருப்பு அலுவலகத்துக்கு நான்கு தடவை போயாகிவிட்டது. இன்று பதினாறு பெண்கள் சேர்ந்து போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டோம். பாலத்தடி, ரயில்வே லைன், ஆற்றங்கரை எல்லாம் கலந்து. ராஜகுமாரி எல்லோருக்கும் புளிசோறு கட்டி வந்திருந்தாள். "அடுத்த வாரம்" என்றார் அதிகாரி. "அப்ப அடுத்த வாரம் வரைக்கும் இங்கயே இருக்கோம் சார்" என்றார் விக்டோரியா அக்கா. மூன்று மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார்.

செப்டம்பர் 6, சனி

ஐந்து மாடியிலும் எரிகிறது. பிள்ளைகள் காரணமே இல்லாமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ராஜகுமாரி வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன், பச்சைச் சுவர். இத்தனை நாள் தெரியாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாலை ஆறு மணி இருக்கும். மோனிஷா பேனா மூடியைத் தொலைத்துவிட்டாள், அதற்காகத் தயாளன் அவளை அடிக்கக் கையை ஓங்கினார். இதுவரை அவளைத் தொட்டதில்லை. நான் குறுக்கே போனேன். என் தலைமுடியைப் பிடித்தார்.

நான் கத்தினேன். இவ்வளவு நாள் சத்தம் வெளியே போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், இன்று வாய் திறந்து கத்தினேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. விக்டோரியா அக்கா வந்து எங்கள் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் ராஜகுமாரி, அவள் மகள். படியில் இன்னும் ஆட்கள் ஏறி வருவது கேட்டது.

"தம்பி, கைய எடு" என்றார் அக்கா.

அவர் கையை எடுத்தார். பர்வீன் முன்னால் நிற்பது போலவே தலை குனிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்குத் தெரியாதுக்கா. இந்த எடத்துக்கு வந்து எனக்கு வேல இல்ல, பஸ் இல்ல, ஆள் இல்ல. மனுசன் பைத்தியமாயிடுவான்."

"எம் புருசனுக்கும் அதே பஸ்ஸுதான் தம்பி. ரெண்டு வருசமா தொங்கிக்கினு போறாரு. எம்மேல கை வெச்சதில்ல."

தயாளன் சட்டையை மாட்டிக்கொண்டார். வழக்கம்போல டீக்கடைக்குப் போகிறார் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன். இங்கே டீக்கடை இல்லை. அவர் இறங்கிப் போவதை எல்லா மாடியிலும் பார்த்தார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

கலைவாணி மேடத்திடம் சொன்னேன். எல்லாவற்றையும். "நானே அடிச்சிர்றேன் மேடம், நீங்க சொல்லுங்க" என்றேன். "நீ உக்காரு. இன்னிக்கு நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றார். சேகர் சார் கடை வாசலில் நின்று, வந்தவர்களை எல்லாம் அரைமணி கழித்து வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீடு யார் பேர்ல?"

"எம் பேர்ல."

"அப்ப நீ எங்கயும் போக வேணாம்."

எங்கே போவது என்றுதான் மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். போகாமல் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மகளிர் காவல் நிலையம். விக்டோரியா அக்கா லீவு போட்டு வந்தார். தயாளன் எழுதிக் கொடுத்தார்: வழக்கு முடியும் வரை தம்பி வீட்டில் தங்குவதாக, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பிள்ளையை வெளியில் வைத்துப் பார்ப்பதாக. கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது விரல் பட்டது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பர்வீனுக்கு நானே போன் செய்தேன். உண்மையைச் சொன்னேன். அழுதாள்.

"நான் எதுருல இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமாடி?"

"ஆயிருக்காது" என்றேன். பிறகு யோசித்து, "தெரியல" என்றேன்.

"நம்ம சந்தும் ஒண்ணும் சொர்க்கம் இல்ல தமயந்தி. கடைசி வூட்டு மல்லிகா எத்தினி வருசம் அடி வாங்குச்சு? அவ புருசன் நமக்குத் தண்ணி பைப்பு புடிச்சுக் குடுத்தான்னு யாரும் போயி கேக்கல. நானும் கேக்கல."

மல்லிகாவை நான் மறந்தே போயிருந்தேன். மறக்க வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மோனிஷாவுக்குப் பச்சைப் பாவாடை. ராஜகுமாரி வீட்டிலிருந்து அதிரசம், விக்டோரியா அக்கா வீட்டுக்கு நான் சுழியன் கொடுத்தேன். மொட்டை மாடியில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து மத்தாப்பு கொளுத்தின.

அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டாமல் வந்து சொட்டச் சொட்ட நிற்பார். நான் திட்டுவேன். இன்று தரை காய்ந்தே இருந்தது. இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், "அடிச்சவன நெனச்சு அழுவறியா?" என்பார்கள். அடித்தவரை நினைத்து அழவில்லை. அடித்தவர் போய்விட்டார், கூடவே இன்னொருவரும் போய்விட்டாரே.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று வந்திருந்தார். கீழே, பிளாக் முன்னால் சிமென்ட் பெஞ்சில், மோனிஷாவோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை வாரம் விக்டோரியா அக்காதான் அவளைக் கீழே அழைத்துப் போவார். இன்று அக்காவுக்குச் சர்ச். நானே போனேன்.

இளைத்துவிட்டார். தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்திருக்கிறதாம், தினமும். வேலை இல்லாத நாட்களில் பழகிக்கொண்ட குடியையும் விட்டுவிட்டாராம். கவுன்சிலிங் என்று மேடம் சொன்ன இடத்துக்கு இரண்டு முறை போனாராம். மூன்றாம் முறை போகவில்லை. "அங்க எல்லாரும் சின்னப் பசங்கோ தமா, வெக்கமா இருந்துச்சு" என்றார். தலைமுடியில் சிமென்ட் தூசி. தட்டிவிடக் கை போனது. துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப வேல கீது. எல்லாம் சரியாப் போச்சு" என்றார். "இனிமே இன்னா?"

வேலை போனால்? பஸ் நிற்காமல் போனால்? உப்பு கூடினால்? கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்வார், நான் நம்பிவிடுவேன்.

"ஒரு அஞ்சு நிமிசம் மேல வந்துட்டுப் போவட்டா? டைல்ஸு ஒரு ஓரத்துல சரியா நிக்கல, அத மட்டும் பாத்துட்டு..."

"அது நல்லா இருக்குதுங்க" என்றேன். "மூணாவது தடவ போங்க. நாலாவதும் போங்க. அடுத்த ஞாயிறு மோனி வருவா."

மோனிஷா அவருக்கு முத்தம் கொடுத்துவிட்டு முன்னால் ஓடிவிட்டாள். நான் ஏறினேன். அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை என்பது படிக்கட்டு ஜன்னலில் தெரிந்தது. முதல் மாடியிலிருந்து கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். இரண்டாவது மாடியிலும் கேட்டிருக்கும். மூன்றாவது மாடியில் நின்றேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

மேலேயிருந்து மோனிஷா, "ம்மா, சாவி!" என்று கத்தினாள்.

மீதி இரண்டு மாடியையும் ஏறினேன்.